சத்தம் கேட்டுத் திரும்பினால் தெறிப்புதான் கிடைக்கும்: பெரிட்டோ மொரேனோவில் பனி உடைவைப் படமெடுப்பது எப்படி?

வாசகர் கேள்வி: சென்ற ஆண்டு அலாஸ்காவின் கிளேசியர் பேயில் எங்கள் கப்பல் மார்ஜரி பனியாற்றின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றது. மூன்று முறை பனி உடைந்து விழுந்தது. என் படங்களில் இருப்பதோ மூன்று முறையும் தண்ணீர்த் தெறிப்பு மட்டும். என்னிடம் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராவும், 24-70, 70-200 லென்ஸ்களும் இருக்கின்றன. வரும் டிசம்பரில் அர்ஜென்டினாவின் பெரிட்டோ மொரேனோ பனியாற்றுக்குப் போகிறோம், அங்கே இரண்டு நாள் இருப்போம். 150-600 லென்ஸ் ஒன்று வாங்கலாமா? எந்த நேரத்தில் பனி அதிகமாக உடையும்? படகில் போவது நல்லதா, நடைபாதையில் நிற்பது நல்லதா? தண்ணீரோரம் இறங்கி எடுத்தால் படம் அருமையாக வரும் என்கிறார் உடன் வரும் நண்பர். அது சரியா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

150-600 வாங்க வேண்டாம். கிளேசியர் பேயில் உங்களுக்குப் போதாமல் போனது லென்ஸ் அல்ல. பனி அசைந்த கணத்துக்கும் உங்கள் விரல் பொத்தானை அழுத்திய கணத்துக்கும் நடுவே கரைந்துபோன மூன்று நான்கு நொடிகள்தான் காரணம். அந்த நொடிகள் எங்கே போயின என்று கணக்குப் போட்டுவிட்டால், உங்கள் மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை தானாக வந்துவிடும்.

பெரிட்டோ மொரேனோவின் முகப்பு, அதாவது பனியாறு ஏரியில் முடியும் செங்குத்துப் பனிச்சுவர், ஏரி மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 60 மீட்டர் உயரம். உச்சியிலிருந்து தடையின்றி விழும் ஒரு பனித்துண்டு தண்ணீரைத் தொட மூன்றரை நொடி ஆகும். முதல் நொடியில் அது 5 மீட்டர்தான் இறங்கியிருக்கும், இரண்டாவது நொடி முடிவில் 20 மீட்டர், மூன்றாவது முடிவில் 44 மீட்டர். குளிர்ந்த காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 330 மீட்டர் ஓடும். நீங்கள் 500 மீட்டர் தள்ளி நின்றால், உடையும் சத்தம் காதுக்கு வர ஒன்றரை நொடி. சத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடிக் கேமராவைத் திருப்பி, ஃபோகஸ் பிடித்து அழுத்த இன்னும் இரண்டு நொடி. மொத்தம் மூன்றரை. பனி அப்போது தண்ணீரைத் தொட்டிருக்கும். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால் சத்தம் வந்து சேர்வதே மூன்று நொடி கழித்துத்தான். கிளேசியர் பேயில் கப்பல் மெதுவாகச் சுழன்றுகொண்டும் இருந்திருக்கும், இரு பக்கத்துப் பயணிகளும் பார்ப்பதற்காக அப்படிச் செய்வார்கள். ஆகவே நீங்கள் பிடித்து வைத்த ஃப்ரேமும் நிலையாக இருந்திருக்காது. உங்கள் மூன்று படங்களும் தெறிப்பாகவே வந்ததில் வியப்பில்லை.

இதிலிருந்து கிடைக்கும் பாடம்: காதை நம்பாமல் கண்ணை நம்ப வேண்டும். ஃப்ரேமை உடைவுக்கு முன்பே கட்டி வைத்திருக்க வேண்டும். அந்த ஃப்ரேமுக்குள் பனி விழவில்லை என்றால் விட்டுவிடும் பொறுமையும் வேண்டும்.

செய்முறை இப்படி. கேமராவை ட்ரைபாடில் ஏற்றி, முகப்பில் ஒரு பகுதியைத் தேர்ந்து, ஃப்ரேம், ஃபோகஸ், எக்ஸ்போஷர் (படத்தில் விழும் ஒளியளவு) மூன்றையும் பூட்டிவிடுங்கள். கையில் ஒயர் ரிமோட். கண் வியூஃபைண்டரில் இருக்கக் கூடாது, வெறும் கண்ணால் முகப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஃப்ரேமுக்குள் ஏதாவது அசைந்தால் யோசிக்காமல் அழுத்துங்கள். பத்தில் ஏழெட்டு முறை கைப்பிடியளவு பனிப்பொடிதான் உதிர்ந்திருக்கும், அழித்துவிடலாம். வியூஃபைண்டருக்குள் கண்ணைப் புதைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க யாராலும் முடியாது. கண் களைத்து விலகும் அந்த ஒரு நிமிடத்தில்தான் உடைவு நடக்கும். உடன் வரும் நண்பரை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அரை மணி நேரம் பார்க்க, மற்றவர் ஓய்வெடுக்கலாம்.

ஐந்து கிலோமீட்டர் அகல முகப்பில் எந்தப் பகுதியைத் தேர்வது? இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. வந்தவுடன் ட்ரைபாடை விரித்துவிடாதீர்கள். முதல் முக்கால் மணி நேரம் பைனாகுலரோடு முகப்பை இடமிருந்து வலமாக மெல்லப் படியுங்கள். நீங்கள் தேட வேண்டியவை சில.

சிறு துகள்கள் ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப உதிர்கின்றனவா என்று பாருங்கள். நம்பத்தக்க அறிகுறிகளில் முதலாவது இதுதான். பெரிய துண்டின் பின்னால் இருக்கும் விரிசல் நகரும்போது அதன் விளிம்புகள் நொறுங்குகின்றன, அந்தப் பொடிதான் நமக்குத் தெரிகிறது. பத்து நிமிடத்தில் மூன்று நான்கு முறை ஒரே தூணிலிருந்து பொடி கொட்டினால் அந்தத் தூணை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். அடுத்து, முன்னோக்கிச் சாய்ந்து, பின்னால் வானம் தெரியும் அளவுக்கு உடற்பகுதியிலிருந்து பிரிந்து நிற்கும் தூண்கள். அரை மணிக்கு ஒருமுறை ஒரே ஃப்ரேமில் ஒரு படம் எடுத்து, பழைய படத்தோடு மாற்றி மாற்றிப் பார்த்தால் இடைவெளி விரிந்திருப்பது தெரிந்துவிடும். வெறும் கண்ணுக்கு இது புலப்படாது. மூன்றாவது, நீர்மட்டத்தில் உள்வாங்கிய வெட்டு. அலையும் ஏரி நீரின் வெப்பமும் அடிப்பகுதியை அரிக்க, மேலே இருப்பது தாங்கலின்றி நிற்கும். நான்காவது, முகப்பின் அடியில் உருகுநீர் வெளியேறும் குகைவாய்கள். அவற்றின் மேல் வளைவு அடிக்கடி இடியும்.

அழுத்தமான நீல நிறத்தில் பளபளக்கும் பகுதியைக் கண்டால் அது அண்மையில் உடைந்த முகம். நெடுங்காலம் அழுந்திய பனியில் காற்றுக்குமிழிகள் சுருங்கிவிடும். வெளிச்சம் ஆழமாகப் போய் வரும் வழியில் சிவப்பைப் பனி உறிஞ்சிவிட, நீலம் மிஞ்சுகிறது. சில நாள் வெயில் பட்டால் மேற்பரப்பு நுண்விரிசல் விட்டு வெளுத்துப்போகும். எனவே நீலத் தழும்பின் இரு பக்கமும் அண்டைத் துணையை இழந்த பனி நிற்கிறது என்று பொருள். இதே காரணத்தால், ஒரு பெரிய உடைவு முடிந்ததும் கூட்டம் கைதட்டிக் கலையும்போது நீங்கள் நகராதீர்கள். அடுத்த இருபது நிமிடம் அதே இடத்தின் இரு ஓரங்களையும் கவனியுங்கள்.

பனி விழும் விதமும் ஒன்றல்ல. உச்சியிலிருந்து ஒரு கட்டி மட்டும் பெயர்ந்து விழுந்தால் மேலே சொன்ன மூன்றரை நொடிக் கணக்குதான். முழுத்தூணும் அடியோடு முன்னால் சாயும்போது தொடக்கம் மிக மெதுவாக இருக்கும், கண்ணுக்குத் தெரிந்த பிறகும் சில நொடி கிடைக்கலாம். இன்னொரு வகையில் தூண் செங்குத்தாக அப்படியே கீழே இறங்கும், அடிப்பகுதி நொறுங்கி நீருக்குள் அமிழ்ந்தபடி. இதில் தெறிப்பு முன்னோக்கி அகலமாக வரும். நான்காவது வகை நீருக்கடியில் உடைவது. மேலே எதுவும் விழாமலேயே, முகப்பிலிருந்து தள்ளிய இடத்தில் ஒரு பெரும் நீலப் பாறை திடீரென நீரைப் பிளந்துகொண்டு மேலெழும். இதை முன்கூட்டிச் சொல்லும் அடையாளம் கிடையாது. பனிமுகப்பின் அருகே படகில் போவோருக்கு மிகப் பெரிய ஆபத்தும் இதுதான்.

இப்போது லென்ஸ் கணக்கு. ஃபுல் ஃப்ரேமில் 200 மில்லிமீட்டர் லென்ஸ் 500 மீட்டர் தூரத்தில் 90 மீட்டர் அகலம், 60 மீட்டர் உயரம் காட்டும். முகப்பின் உயரத்துக்கே அது சரியாகப் போய்விடும். தெறிப்புக்கும் வானத்துக்கும் இடமில்லை. 100 மில்லிமீட்டரில் 180-க்கு 120 மீட்டர். இதுதான் அந்தத் தூரத்துக்குப் பொருத்தமான ஃப்ரேம். முகப்பு நடுவில் பாதி உயரம், கீழே தண்ணீருக்கு மூன்றில் ஒரு பங்கு, மேலே மீதி. பெரிய உடைவில் தெறிப்பு முகப்பின் உயரத்தையே எட்டக்கூடும், முன்னோக்கியும் பாயும். கீழே இடம் விடாதவர்கள் படத்தில் வெள்ளைச் சுவர் மட்டும் இருக்கும். 600 மில்லிமீட்டரில் உங்களுக்குக் கிடைப்பது 30-க்கு 20 மீட்டர் செவ்வகம். 60 மீட்டர்த் தூணில் மூன்றில் ஒரு பங்கு. அந்தச் செவ்வகத்துக்குள்தான் உடையும் என்று யாரால் சொல்ல முடியும்? அதோடு, வெயில் ஏறிய பகலில் சூடான கரைக்கும் குளிர்ந்த பனிக்கும் நடுவே காற்று அலையடிக்கும். நீள லென்ஸில் அந்த நடுக்கம் பெரிதாகி, விளிம்புகளெல்லாம் கரைந்தாற்போல வரும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும், எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸ் போட்டாலும் அது போகாது. உங்கள் 70-200 போதும். உச்சியில் நிற்கும் தனிக்கட்டிகளின் வடிவம், குகைவாய், பறவை என்று விவரப் படங்களுக்கு மட்டும் ஆசையிருந்தால் 1.4 டெலிகன்வெர்ட்டர் (லென்ஸின் எட்டும் தூரத்தை நீட்டும் இணைப்பு) ஒன்றை வாடகைக்கு எடுங்கள், உங்கள் லென்ஸ் அதை ஏற்கும் வகையா என்று பார்த்துக்கொண்டு.

ஷட்டர் வேகம்: 60 மீட்டர் விழுந்த துண்டு தண்ணீரைத் தொடும்போது நொடிக்கு 34 மீட்டர் வேகம், மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் கூட. 200 மில்லிமீட்டரில், 500 மீட்டர் தூரத்தில், உங்கள் 24 மெகாபிக்சல் சென்சாரில் அது நொடிக்கு ஏறக்குறைய 2,300 பிக்சல் நகரும். 1/500 என்றால் நாலைந்து பிக்சல் இழுபடும், பெரிதாக அச்சிட்டால் தெரியும். 1/2000-இல் ஒரு பிக்சல்தான். ஆகவே 1/2000 வையுங்கள், வெளிச்சம் குறைந்தால் 1/1250 வரை இறங்கலாம். அப்பெர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) f/5.6 முதல் f/8. நேர்வெயிலில் f/5.6, 1/2000-க்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 250 அளவில் வரும். மேகமூட்டத்தில் ஐஎஸ்ஓ 1000 முதல் 2000 வரை ஏறும், தயங்காமல் ஏற்றுங்கள். இரைச்சலை மென்பொருளில் குறைக்கலாம், இழுபட்ட விளிம்பைச் சரிசெய்ய முடியாது.

ஃபோகஸை ஆட்டோவில் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்து உறுதி செய்த பிறகு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். 200 மில்லிமீட்டர், f/8-இல் 500 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் ஏறக்குறைய 125 மீட்டரிலிருந்து முடிவிலி வரை தெளிவாக இருக்கும், துண்டு முன்னால் பாய்ந்தாலும் கவலையில்லை. ஆட்டோவிலேயே விட்டால் தெறிப்பும் நீர்த்துகள் திரையும் எழும்போது கேமரா பிடி தவறி முன்னும் பின்னும் தேடும். ஜூமை மாற்றினால் மட்டும் ஃபோகஸை மறுபடி பாருங்கள், பல ஜூம் லென்ஸ்களில் அது கொஞ்சம் நகரும்.

எக்ஸ்போஷரில்தான் அனுபவமுள்ளவர்களும் சறுக்குகிறார்கள். பனி நிறைந்த ஃப்ரேமைக் கேமரா சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், அதனால் ஆட்டோவில் விட்டால் படம் கறுத்து வரும். மேனுவலில் வையுங்கள். வெயில் விழும் மிக வெண்மையான பகுதியில் அதிவெளிச்ச எச்சரிக்கை மின்னத் தொடங்கும்வரை ஏற்றி, அங்கிருந்து மூன்றில் இரண்டு ஸ்டாப் இறக்குங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). அந்த இடைவெளி தெறிப்புக்காக. வெயிலில் எழும் தண்ணீர்த் தெறிப்பு, நீலப் பனியைவிட வெகு வெளிச்சம். இடம் விடாவிட்டால் படத்தின் நடுவே விவரமற்ற வெள்ளைத் தீற்றல்தான் இருக்கும். பெரிட்டோ மொரேனோ இருக்கும் படகோனியாவில் மேகம் ஓயாமல் நகரும், வெயில் மறைந்து வந்தால் கணக்கை மறுபடி போட வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் மாறினால் ஷட்டரையும் அப்பெர்ச்சரையும் நிறுத்திவிட்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். தெறிப்பு ஃப்ரேமை நிறைக்கும்போது கேமரா கொஞ்சம் இருட்டாக்கும், ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) மீட்டுவிடலாம். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன்) 5500 கெல்வினில் நிறுத்துங்கள். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் பனியின் நீலத்தைக் குறையென்று எண்ணித் துடைத்துவிடும், ஒரே தொடரில் படத்துக்குப் படம் நிறமும் மாறும். எதிரொளியைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி ஒன்றரை இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், காத்திருக்கும் கேமராவில் அது வேண்டாம்.

தொடர்ப்படம் எடுக்கும் வேகத்தை நொடிக்கு 20-இல் வைக்க ஆசை வரும். பஃபர் (படங்கள் கார்டுக்குப் போகும் முன் தங்கும் தற்காலிக நினைவகம்) நிறைந்து கேமரா நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான், அதுவும் தெறிப்பு எழும் உச்சக்கட்டத்தில். நொடிக்கு 8 முதல் 10 போதும், மூன்றரை நொடி வீழ்ச்சிக்கு 30, 35 படம் கிடைக்கும். சுருக்கிய ரா வடிவத்தையும், கேமரா ஏற்கும் அளவுக்கு வேகமான மெமரி கார்டையும் பயன்படுத்துங்கள். ஊரிலேயே ஒருமுறை சோதித்துப் பாருங்கள்: பொத்தானை விடாமல் அழுத்தி, எத்தனை நொடியில் கேமரா திணறுகிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கை தெரியாமல் போகாதீர்கள்.

உங்கள் கேமராவில் முன்பதிவு (பிரீ-கேப்சர்) வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருக்கும்போது கேமரா படங்களைச் சுழற்சியில் நினைவில் வைத்து, முழுதாக அழுத்தியதும் அதற்கு முந்தைய அரை அல்லது ஒரு நொடியையும் சேர்த்துப் பதியும். ஓஎம் சிஸ்டத்தில் இது ப்ரோ கேப்சர். நிக்கான் இசட்8, இசட்9-இல் இருக்கிறது, ஆனால் ஜேபெக்கில் மட்டும் பதியும். கேனான், ஃபியூஜிஃபிலிம், சோனியின் சில மாடல்களிலும் உண்டு. இந்த வேலைக்கென்றே செய்தது போன்ற வசதி இது. ஆனால் பாதி அழுத்தியபடியே இருந்தால் பேட்டரி மளமளவென்று இறங்கும். பொடி உதிரத் தொடங்கியபின் மட்டும் பயன்படுத்துங்கள்.

தெறிப்பு எழுந்ததும் விரலை எடுத்துவிடாதீர்கள். ஒரு கணம் விட்டுப் பஃபருக்கு மூச்சு கொடுத்து மறுபடி அழுத்துங்கள். விழுந்த பனி நீருக்குள் அமிழ்ந்து, சில நொடியில் மேலெழுந்து புரளும். அப்போது அதன் அடிப்பக்கம், ஒருபோதும் வெயில் படாத கண்ணாடி நீலம், வெளியே வரும். அலை வளையமாக விரியும், உடைந்த துண்டுகள் அதன் மேல் ஏறி இறங்கும். என் மதிப்பில், ஒரு தொடரின் சிறந்த படம் பல சமயம் இந்த இரண்டாவது நிமிடத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலோர் அந்நேரம் திரையைத் திருப்பி எடுத்ததைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எந்த நேரத்தில் அதிகம் உடையும் என்று கேட்டிருந்தீர்கள். பிற்பகல் வெப்பத்தில் அதிகம் என்று வழிகாட்டிகள் சொல்வது வழக்கம், அதை நம்பித் திட்டமிட வேண்டாம். பனியாற்றின் நகர்வும் விரிசல்களும் நீருக்கடியில் நடப்பதும் சேர்ந்துதான் உடைவைத் தீர்மானிக்கின்றன. அவை கடிகாரம் பார்ப்பதில்லை. நேரத்தை ஒளியை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பனியாற்றின் எதிரே நீளும் மகல்லானெஸ் தீபகற்பத்தில் உள்ள நடைபாதைகளில் நின்றால் நீங்கள் மேற்கு நோக்கிப் பார்க்கிறீர்கள். காலை வெயில் உங்கள் முதுகுப்பக்கமிருந்து முகப்பின் மேல் நேராக விழும். அங்கே கடிகாரம் சூரியனைவிட வெகுவாக முந்தி ஓடுகிறது, டிசம்பரில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஏறக்குறைய 1.45 ஆகியிருக்கும். எனவே நல்ல முன்னொளி பூங்கா திறந்ததிலிருந்து பகல் ஒரு மணி தாண்டியும் நீடிக்கும். தென்கோளமாதலால் உச்சிவெயில் வடக்கிலிருந்து வரும். ஏரியின் வடபக்கத்துக் கிளையான தெம்பானோஸ் கால்வாயைப் பார்த்த வடக்கு முகத்துக்கு நண்பகலிலும் வெளிச்சம் உண்டு. ஏரியின் தெற்குக் கிளையான பிராசோ ரீக்கோ பக்கத்துத் தெற்கு முகம் அதற்குள் நிழலுக்குப் போய்விடும். பிற்பகலில் சூரியன் பனிக்குப் பின்னால் இறங்கத் தொடங்கும். அப்போது தெறிப்பு ஒளிரும், ஆனால் முகப்பு இருளும். மேகமூட்டமான நாளைக் கண்டு சோர்ந்துபோக வேண்டாம், நீலம் மிக ஆழமாகத் தெரிவது அன்றைக்குத்தான்.

படகா, நடைபாதையா? உடைவுக்கு நடைபாதை. படகு ஆடும், நகரும், ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடும். கிளேசியர் பேயில் நடந்ததே மறுபடியும் நடக்கும். படகில் கிடைப்பது முகப்பின் உயரம். அதற்காக ஒருமுறை போங்கள், 24-70 மாட்டிக்கொண்டு, 1/1000-க்குக் குறையாமல். ஆனால் நீங்கள் நடைபாதையில் நிற்கும்போது அந்தப் படகுகளை மறக்காதீர்கள். ஃப்ரேமில் ஒரு படகு இருந்தால்தான் இந்தப் பனிச்சுவர் எவ்வளவு பெரிது என்று பார்ப்பவருக்குப் புரியும், இல்லையென்றால் 6 மீட்டரா 60 மீட்டரா என்று தெரியாது. கீழ்மட்ட மாடங்கள் முகப்பை நிமிர்ந்து காட்டும், மேல்மட்ட மாடங்கள் பின்னால் விரியும் பனிவெளியைக் காட்டும். உடைவுக்குக் கீழ்மட்டமும் நடுமட்டமும்தான் சரி. பழைய படங்களைப் பார்த்து இடத்தை முடிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டாம். நெடுங்காலம் நிலையாக நின்ற இந்தப் பனியாறு அண்மை ஆண்டுகளில் மெலிந்து பின்வாங்கி வருகிறது, முகப்பு அன்றிருந்த இடத்தில் இன்று இல்லை. பனி ஏரியின் குறுக்கே அணைபோல் அடைத்து, பின்பு வளைவாக இடியும் அந்தப் புகழ்பெற்ற காட்சியையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். 2004, 2016, 2018 ஆண்டுகளில் நடந்தது போன்ற அரிய நிகழ்வு அது. 2018-இல் அது இடிந்ததும் இரவில்.

ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்த வேண்டாம், காற்று பலமாக அடிக்கும். நடைபாதை இரும்புச் சல்லடையால் ஆனது, யாராவது நடந்தால் அதிரும். 1/2000-இல் ஃபோட்டோவுக்கு அது பொருட்டல்ல, வீடியோவில் ஒவ்வொரு காலடியும் தெரியும். வீடியோவை இரண்டாவது வேலையாக வையுங்கள். கைப்பேசியைக் கம்பியில் ஒரு கவ்வியால் பிடிக்கவைத்து, கேமராவைவிட அகலமான ஃப்ரேமில் 4கே-யில் ஓடவிடுங்கள். உங்கள் ஃப்ரேமுக்கு வெளியே விழுந்ததாவது அதில் இருக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஒன்றுமில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினால் இடம் நிறையாது. பவர் பேங்க் அவசியம். பத்து நொடிக்கு ஒரு படம் என்று டைம்லாப்ஸ் வைத்தால் உடைவு இரண்டு படங்களுக்கு நடுவே நழுவிப் போய்விடும், ஒரு நொடி இடைவெளிக்கு மேல் வைத்துப் பயனில்லை. டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அர்ஜென்டினாவின் தேசியப் பூங்காக்களில் அதைப் பறக்கவிடத் தடை உண்டு.

இப்போது உங்கள் நண்பரின் யோசனை. தயவுசெய்து இறங்காதீர்கள், அவரையும் இறங்க விடாதீர்கள். இதே பெரிட்டோ மொரேனோவில் 1968-க்கும் 1988-க்கும் இடையே 32 பேர் இறந்திருக்கிறார்கள். கரையில் பாதுகாப்பான தூரம் என்று நினைத்து நின்றவர்கள்தான் பலர். உடைவின் அதிர்ச்சியில் பனிச்சில்லுகள் பாய்ந்து வந்து தாக்கும், பின்னாலேயே அலையும் வரும். அதனால்தான் நடைபாதைகளும் தடுப்புக் கம்பிகளும் அந்த உயரத்தில் இருக்கின்றன. 1993-இல் அலாஸ்காவின் சைல்ட்ஸ் பனியாற்றில் விழுந்த பனி எழுப்பிய அலை காப்பர் ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் பார்வையாளர்கள் நின்ற இடத்திலேயே ஏறி, ஆட்களைக் காயப்படுத்தியது. 2007-இல் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் ஹார்ன் பனியாற்றருகே போன கப்பலில் பயணிகள் பலர் அடிபட்டார்கள். கிரீன்லாந்தின் எக்கி பனியாற்றின் எதிரே தங்குமிடம் நடத்துபவர்கள் விருந்தினரைக் கரைக்கே இறங்க விடுவதில்லை. அலை உங்களை எட்டச் சற்று நேரம் ஆகலாம், ஆனால் வழுக்கும் பாறையில் ட்ரைபாடோடு மேலேறவும் நேரம் வேண்டும். படத்தின் தரத்தைப் பார்த்தாலும் கரையோரம் நல்ல இடமில்லை. தண்ணீர் மட்டத்தில் மிதக்கும் துண்டுகள் முகப்பின் அடியை மறைக்கும், துண்டு நீரைத் தொடும் கணம் தெரியாது. நாளை வேறெங்காவது கயாக்கில் போகும் வாய்ப்பு வந்தால், முகப்பிலிருந்து 800 மீட்டருக்குக் குறையாத தூரம் வையுங்கள். அலாஸ்காவில் பனித்துண்டுகள் மேல் சீல்கள் குட்டிகளோடு படுத்திருக்கும் இடங்களில் 500 கெஜத்துக்கு அப்பால் விலகியிருக்கும்படி அங்குள்ள வழிகாட்டு நெறி சொல்கிறது. பதறி நீருக்குள் குதிக்கும் தாயிடமிருந்து குட்டி பிரிந்துவிடும். எந்தப் படத்துக்காகவும் அதைச் செய்யக் கூடாது.

இரண்டு நாளை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் அருகிலுள்ள ஊரான எல் கலாஃபாத்தேயிலிருந்து கிளம்பும் முதல் பேருந்தில் ஏறுங்கள், தூரம் 80 கிலோமீட்டர் அளவு. காலை முழுதும் முகப்பைப் படித்து, வடக்கு முகத்தில் ஓர் இடத்தைப் பிடித்து, மூன்று மணி நேரமாவது அங்கேயே நில்லுங்கள். படகை முதல் நாள் பிற்பகலுக்கு வையுங்கள். இரண்டாம் நாள், முதல் நாள் பொடி உதிர்ந்த தூண் இன்னும் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால் நாள் முழுதும் அதற்கே. மாற்று பேட்டரி இரண்டை உள்சட்டைப் பையில் வையுங்கள், விரல் நுனி திறக்கும் மெல்லிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சூடான உணவகத்துக்குள் நுழையும் முன் கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். குளிர்ந்த லென்ஸில் ஈரம் படிந்தால், வெளியே வந்து பார்க்கும்போது முகப்பு மங்கலாகவே தெரியும், துடைத்துக் காயவைக்க அரை மணி நேரம் போய்விடும்.